மைக் பிடிப்பதற்கு முன்

இந்த வருடம் சங்கத்தில் சேர்ந்த உங்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னை அழைத்திருந்தார்கள். "முப்பது வருஷம் களத்தில் நின்றவர்" என்று என்னை அறிமுகப்படுத்தியதும் உங்களில் ஒரு பெண் பட்டென்று எழுந்து கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஆறு மாசத்துலயே மூச்சு முட்டுது. நீங்க எப்படி முப்பது வருஷம் தாக்குப்பிடிச்சீக?"

நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டு, கொடுத்த பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. பதில் தெரியாமல் நான் மழுப்பவில்லை. சொன்னால் பிரசங்கம் பண்ணுகிறாள் என்று நினைத்துவிடுவீர்களோ என்று பயம். என் அப்பா சர்ச்சில் உபதேசியார். பிரசங்கம் எங்கள் குடும்ப வியாதி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் பிரசங்கம் வந்தால் அடித்துவிடலாம்.

மனு எழுதுவது, விதிகளைப் படிப்பது, ஆய்வுக்கு வருகிற அதிகாரியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். நான் செய்த ஒரு தப்பையும், செய்யாமல் தப்பித்த இன்னொரு தப்பையும் மட்டும் சொல்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு நல்ல தொண்டை. மைக் இல்லாமலேயே சாத்தூர் ரோட்டில் பேசினால் ரயில்வே கேட்டில் கேட்கும் என்று தோழர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமை. இந்தப் பக்கம் பட்டாசு ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள், உங்களுக்கே தெரியும். ஒரு தீபாவளி சீசனில் ஒரு ஆபீசில் சரம் பின்னுகிற பெண் ஒருவர் என்னிடம் தனியாக வந்து சொன்னார்: "எங்க ஷெட்டுல நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல பத்து பேரு இருக்கோம். எந்திரிச்சு ஓடணும்னா ஒருத்தி மேல ஒருத்தி விழணும்."

என் வயதுதான் அவருக்கும். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று அடுத்த பத்தியில் புரியும்.

அடுத்த வாரம் அந்த ஆபீஸ் வாசலில் கூட்டம். நான் பேசினேன். கைதட்டல் ஏற ஏற எனக்கும் ஏறியது. "நான் கற்பனையாகச் சொல்லவில்லை, உள்ளே சரம் பின்னுகிற இன்னாரே என்னிடம் சொன்னார்" என்று அவருடைய பெயரை மைக்கில் சொல்லிவிட்டேன். பெரிய கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் நான் செய்தது என்ன என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் காலையில் அவரைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த சீசன் முழுக்க வேறு எந்த ஆபீசும் அவரை எடுக்கவில்லை. சாத்தூரில் ஒரு சேவுக் கடையில் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போனார்.

மன்னிப்புக் கேட்க அந்தக் கடைக்கே போனேன். பின்பக்கம் உட்கார்ந்து காரசேவு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க. நான் வேணும்னு சொல்லல. கூட்டத்துல ஒரு வேகத்துல..."

"வேகம்னு தெரியுதுல்ல? பெறகென்ன?" கை நிற்கவில்லை. "ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. இப்ப எனக்காக வந்தீகளா, இல்ல ஒங்க மனசு ஆறணும்னு வந்தீகளா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

"தள்ளி நின்னு அழுங்க. பொட்டலம் நனையுது" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "தை மாசம் இருக்கன்குடிக்கு நடக்கேன். வாரீகளா?"

உபதேசியார் மகள் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனாள் என்று சபையில் என்ன பேசுவார்களோ என்று ஒரு நொடி யோசித்தேன். செய்த பாவம் அதைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்றேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாத்தூரிலிருந்து நடந்தோம். நல்ல கூட்டம். மஞ்சள் சேலைகள், வேப்பிலை, குழந்தைகளின் அழுகை, வழியெல்லாம் மோர்ப்பந்தல். நான் பேசிக்கொண்டே வந்தேன். அடுத்த சீசனுக்கு என்ன போராட்டம், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அவருக்கு எப்படித் திரும்ப வேலை வாங்கித் தருவேன் என்று ஒரே பேச்சு. அவர் வாயே திறக்கவில்லை. ஆற்று மணலுக்கு வந்ததும் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"இம்புட்டு தூரம் எங்கூட யாரு நடந்து வந்தது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீங்க இல்ல. ஒங்க சங்கந்தான் நடந்து வந்துச்சு. நீங்க இன்னும் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கீக."

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "ஒங்க சாமிகிட்ட என்ன பேசுவீக?"

சொன்னேன். தினமும் முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ணுவேன். காயம்பட்டவர்கள் பெயர், நிலுவையில் இருக்கிற வழக்குகள், திருந்த வேண்டிய முதலாளிகள், அனுப்ப வேண்டிய மழை என்று வரிசையாகச் சொல்வேன். முடிந்ததும் ஆமென் சொல்லி எழுந்து பஸ்சுக்கு ஓடுவேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவருக்கும் மனுதான் குடுக்கீகளா! குடுத்துட்டு, அவரு பதில் சொல்ல வாயத் தொறக்குமுன்ன பஸ் ஏறிருதீக."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தப்பு நடந்ததிலிருந்து நான் சிரித்தது அன்றுதான்.

பிறகு அவர் நிதானமாக ஒன்று சொன்னார். "கோவம் வேணும். ஒங்களுக்குக் கோவம் இல்லேன்னா எங்களுக்காக யாரு பேசுவா? ஆனா கோவமும் வெடிமருந்து மாதிரிதான். அளவா எடுக்கணும், வைக்கிற எடத்துல வைக்கணும். வெயில்ல பரப்பிப் போட்டா முதல்ல நம்மளத்தான் எரிக்கும். நா தெனம் வேலைக்குப் போகுமுன்ன செத்த நேரம் சும்மா உக்காருவேன். ஆத்தாகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். உக்காந்திருப்பேன், அம்புட்டுதான்."

சும்மா உட்காருவது சுலபம் என்று நினைத்தேன். செய்து பாருங்கள்! எங்கள் சர்ச்சில் காலையில் கதவு திறந்ததும் போய் அரைமணி நேரம் கடைசி பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்தேன். முதல் வாரம் முழுக்க மனதுக்குள் கூட்டம் நடத்தினேன். எதிர்த்தரப்பு வக்கீலை மடக்கினேன். எல்லா நாளும் நான்தான் ஜெயித்தேன். இரண்டாவது வாரம் தூங்கிப்போனேன். கதவு திறக்கிற பெரியவர் வந்து பெஞ்சைத் தட்டினார்.

"ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்யா" என்றேன்.

"ரொம்ப ஆழமான ஜெபம் போல. ரோடு வரைக்கும் கேக்குது."

இப்படித்தான் பல மாதங்கள் போயின. ஒளியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. ஆனால் எப்போதோ ஒரு நாள், யார் மேல் எனக்குக் கோபம், எதனால் கோபம், அந்தக் கோபத்தில் நியாயம் எவ்வளவு, கைதட்டல் ஆசை எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தது. ஏதோ ஒரு அன்பான பார்வை எனக்கு முன்பே அதையெல்லாம் பார்த்துவிட்டது போல ஒரு ஆறுதல் இருந்தது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர். "இப்பல்லாம் நீ சாப்பிடும்போது சாப்பிடுற" என்றார். "முன்னாடியெல்லாம் ரசம் கேட்டாக்கூட என்னப் பாத்து 'நாங்கள் கேட்கிறோம்'னுதான் ஆரம்பிப்ப."

ஞாயிற்றுக்கிழமை வேலை பார்ப்பதில்லை என்றும் முடிவு செய்தேன். முதல் ஞாயிறு நான் வரவில்லை என்றதும் சங்கத்தில் எனக்கு உடம்பு முடியவில்லை என்று பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். நான் இல்லாமலும் உலகம் ஒரு நாள் ஓடும் என்று ஒத்துக்கொள்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான விரதம்.

சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் உங்களில் இருப்பீர்கள். என்கூடவே இருபது வருடம் வேலை பார்த்த சண்முகமும் அப்படித்தான். என் சர்ச்சையும் விடமாட்டார், இருக்கன்குடி நடையையும் விடமாட்டார், இரண்டையும் கேலி பண்ணுவார். ஆனால் அவர் தினமும் அலுவலகம் திறந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு செம்பருத்திச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றி முடிக்கிறவரை போனைத் தொடமாட்டார். கலெக்டரே கூப்பிட்டாலும் செடிதான் முதலில். "அது ஒமக்கு ஜெபந்தான்" என்று நான் சொன்னால், "ஏ, சும்மா இருங்கக்கா, அது தண்ணி" என்பார். எதுவானால் என்ன, அவரும் உடையாமல் நின்றார்.

இனி, செய்யாமல் தப்பித்த தப்பு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது சத்தம் கேட்டது. இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பாத்திரத்தை மூடினோம். சண்முகம் வண்டியை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன்.

வெடித்த ஆபீசுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது தீயணைப்பு வண்டிகள் வந்திருந்தன. ஆம்புலன்ஸ்கள் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஷெட் இருந்த இடத்தில் ஷெட் இல்லை. கேட்டுக்கு வெளியே சுற்று ஊர்களிலிருந்து சனம் ஓடி வந்து நின்றது. அன்றைக்கு இரண்டு பேரை இழந்தோம். அந்த இரண்டு குடும்பமும் அங்கேதான் நின்றது. அதற்கு மேல் அதை வர்ணிக்க எனக்கு மனசில்லை.

ஆபீஸ் ரிஜிஸ்டரை வைத்துப் பெயர்களைச் சரிபார்த்து, எல்லாரும் கணக்கில் வந்துவிட்டார்கள் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே, காம்பவுண்ட் சுவர் ஓரம், ஷெட்டுகளில் ஆள் வைத்து வேலை வாங்குகிற போர்மேன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். முகமெல்லாம் கரி. நாலைந்து ஆண்கள் அவர் சட்டையைப் பிடித்திருந்தார்கள்.

"ஏலே, இவன்தாம்லே ஷெட்டுக்குள்ள ஆள அடைச்சவன்!"

"தூக்குங்கலே இவன!"

அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்கள். "அக்கா வந்துட்டாக! பேசுங்கக்கா!" ஒரு டிராக்டர் டிரெய்லர் மேல் என்னை ஏற்றிவிட்டார்கள். யாரோ கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். அத்தனை வருடம் பேசிய வாய். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கூட்டம் ரோட்டை மறிக்கும். இன்னொரு வார்த்தை சொன்னால் அந்தப் போர்மேனின் கதை அங்கேயே முடியும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நியாயமான வார்த்தைதான். அவர் ஆள் அடைத்தது உண்மைதானே?

வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது என்று சண்முகம் பிறகு சொன்னார். முதலில் "பேசுங்க, பேசுங்க" என்று சத்தம் வந்தது. பிறகு ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்தார்களோ, இறந்தவர்களுக்கு அஞ்சலி செய்கிறேன் என்று நினைத்தார்களோ, கூட்டம் அடங்கியது. அந்த அமைதியில்தான் எனக்கு அது தோன்றியது. ஆள் அடைத்தார் என்றால், ரிஜிஸ்டரில் இல்லாத ஆளும் உள்ளே இருந்திருப்பார்கள். அவர்கள் யார் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளின் சட்டையைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

மைக்கைச் சண்முகத்திடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். போர்மேன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க அவனுக்குச் சப்போர்ட்டா?" என்று ஒருவர் கத்தினார்.

"இல்ல. அவரு செஞ்சதுக்கு அவரு பதில் சொல்லுவாரு, நானே சொல்ல வைப்பேன். இப்ப கொஞ்சம் தண்ணி குடுங்க."

யாரோ ஒருவர் வேண்டாவெறுப்பாக ஒரு பாட்டிலைக் கொடுத்தார். போர்மேன் பாதித் தண்ணீரைச் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார்.

"அண்ணாச்சி, உள்ள எத்தன பேரு இருந்தாக?"

"ரிஜிஸ்டர்ல இருக்கு..."

"ரிஜிஸ்டர விடுங்க. காலையில கேட்டத் தொறந்தீகல்ல, அங்க இருந்து சொல்லுங்க. மொதல்ல யாரு உள்ள வந்தது?"

என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். யார் யார் பக்கம் உட்கார்ந்தார்கள், யார் இடம் போதவில்லை என்று சண்டை போட்டார்கள், யார் டீ குடிக்க எழுந்து போனார்கள் என்று ஒவ்வொரு ஆளாக அவர் நினைவில் வந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் "அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா", "அவ இந்தா நிக்கா" என்று பதில் கொடுத்தார்கள். சட்டையைப் பிடித்திருந்த கைகள் எப்போது விட்டன என்று நான் கவனிக்கவில்லை.

திடீரென்று அவர் கண்ணைத் திறந்தார்.

"முனீஸ்வரி! ஷெட்டுக்குள்ள எடமில்லன்னு பின்பக்கம் கம்பி வேலி ஓரம் சாக்க விரிச்சு உக்காரச் சொன்னேன். இன்னைக்குத்தான் மொதல் நாளு வந்தா. பேரு எழுதல."

"முனீஸ்வரியப் பாத்தீகளா?" என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. தூரத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண். அவருக்காக அழுகிற ஆள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

போர்மேன் எழுந்து ஓடினார். அவரை அடிக்க நின்றவர்களும் அவர் பின்னால் ஓடினார்கள். தீயணைப்பு வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலிக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடு, அதைத் தாண்டி வறண்ட ஓடை. அந்த ஓடைக்குள் முனீஸ்வரி கிடந்தார். வெடித்ததும் பயத்தில் வேலியைத் தாண்டி ஓடி, தடுமாறி விழுந்திருக்கிறார். ஒரு கால் முறிந்திருந்தது. முதுகில் தீக்காயம். நினைவு இல்லை, ஆனால் மூச்சு இருந்தது. முள்ளுக்குள்ளிருந்து தூக்கும்போது தலைப்பக்கம் பிடித்தவர் போர்மேன். கால் பக்கம் பிடித்தவர், கொஞ்சம் முன்னால் அந்தப் போர்மேனைத் தூக்கச் சொல்லிக் கத்திய அதே ஆள்.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு சண்முகம் என் பக்கத்தில் வந்து நின்றார். "வண்டி மேல நின்னு ஜெபமா பண்ணீக?"

"இல்ல, சும்மா நின்னேன்."

"அப்ப அது தண்ணி ஊத்துறதுதான்" என்றார்.

ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமைதி என்றால் விட்டுக்கொடுப்பது இல்லை. மறுநாள் காலை விருதுநகரில் கலெக்டர் அலுவலகம் முன்னால் உட்கார்ந்தோம். பல நாள் உட்கார்ந்தோம். என் தொண்டைக்கு வயதாகியிருந்தாலும் அன்றைக்கு நன்றாகவே வேலை செய்தது. ஷெட்டுக்குள் ஆள் அடைக்கச் சொன்னது யார், எத்தனை நாளாக அப்படி நடக்கிறது என்பதை அந்தப் போர்மேனே வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தார். தன் தப்பையும் மறைக்கவில்லை. வேலை போகும், வழக்கும் வரும் என்று தெரிந்துதான் கொடுத்தார். அன்றைக்கு நாங்கள் அவரை அடித்துப் போட்டிருந்தால் முனீஸ்வரியும் இல்லை, அந்த வாக்குமூலமும் இல்லை.

மூச்சு முட்டுகிறது என்று கேட்ட பெண்ணுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இந்த வேலையில் ஒவ்வொரு நாளும் யாராவது உன் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். அதற்கு முன்னால், அன்றைய காலையிலேயே, யாரும் பார்க்காத ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து பழகு. சர்ச்சோ கோயிலோ பள்ளிவாசலோ செம்பருத்திச் செடியோ, உன் இஷ்டம். ஆபத்து வந்த பிறகு உட்கார இடம் தேடினால் கிடைக்காது. முதலில் தூக்கம் வரும். பரவாயில்லை, தூங்கு.

சில வாரங்கள் கழித்து முனீஸ்வரியைப் பார்க்க மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் கட்டோடு, ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரர்களோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வார்டு வாசலில் போர்மேன் வந்து நின்றார். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. உள்ளே வரலாமா, திரும்பிப் போகலாமா என்று தெரியாமல் நின்றார்.

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் யார் என்று முனீஸ்வரி எல்லாரிடமும் சொல்லியிருப்பார் போல.

"வாங்கண்ணாச்சி" என்றார் முனீஸ்வரி. "எதுக்கு அங்கனயே நிக்கீக?"

வந்தார். பையைக் கட்டில் ஓரம் வைத்தார். அழுதார். நான் ஏதாவது சொல்லி உதவலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

முனீஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அண்ணாச்சி, அன்னைக்கு நா வேலைக்கு வந்தேனே, எம் பேர எழுதுனீகளா இல்லையா?"

"எழுதிட்டேன் தாயி" என்றார். "கலெக்டர் ஆபீசுல குடுத்த வாக்குமூலத்துல மொதப் பேரே ஒம் பேருதான்."

"இனிசியலோடயா?"

"இனிசியலோட."

முனீஸ்வரி ஒரு சாத்துக்குடியை எடுத்து என்னிடம் உரிக்கக் கொடுத்தார். "அப்பச் சரி" என்றார். "இனிமே நா அங்கன இல்லவே இல்லன்னு ஒரு பய சொல்ல முடியாது."